மாமனார் தட்டிப் பார்த்த மேசை

மேசை பாதி வீட்டுக்குள்ளும் பாதி மாடிப்படியிலுமாக வாசலில் சிக்கிக்கொண்டு நின்றபோது கண்ணாடிக்காரர் உள்ளே இருந்தார், அவர் மனைவி வெளியே இருந்தாள்.

அவள் வேலை முடிந்து வந்து கால் மணி நேரம் ஆகிவிட்டது. கையில் காய்கறிப் பை, தோளில் கைப்பை, வாயில் ஒரு வார்த்தை இல்லை. பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவருக்கு அந்த மௌனத்துக்கு அர்த்தம் தெரியாமல் இருக்குமா? நன்றாகத் தெரியும். அதனால்தான் மேசைக்கு இந்தப் பக்கமே இருப்பது உடம்புக்கு நல்லது என்று நின்றுகொண்டிருந்தார்.

"அளவு பாத்துட்டுத்தானே சொன்னீங்க?" என்றாள் கடைசியில், மேசைக்கு மேலாக எட்டிப் பார்த்து.

"பாத்தேனே. கடையில சொன்ன அளவுக்குத் தாராளமா நுழையணும்."

"அப்ப நம்ம வாசல் சுருங்கிப் போச்சா?"

மேசையைத் தூக்கி வந்த இரண்டு ஆட்களும் இந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. இரண்டு மாடி ஏற்றியதில் அவர்களுக்கு மூச்சு வாங்கியது. ஒருவர் மேசைமேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டார். இன்னொருவர், இவ்வளவு கனம் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் இன்றைக்கு லீவு போட்டிருப்பேன் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்று பேர். ஊரார் கண்ணுக்கெல்லாம் அளவு பார்ப்பவர். ஃபிரேம் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷனின் சொந்த வாசலில் ஒரு மேசை நுழையாமல் நிற்கிறது என்றால், அவர் எவ்வளவு தூரம் மயங்கிப் போயிருக்க வேண்டும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

மயங்கித்தான் போயிருந்தார். பழைய மரத்தில் மேசை நாற்காலி செய்து விற்கும் அந்தக் கடைக்கு நாலு சனிக்கிழமை விடாமல் போனார். உள்ளே நுழைந்தாலே தேன்மெழுகு வாசனை. இடித்த வீட்டு உத்தரம், உடைத்த படகின் பலகை, ரயில் பாதைக் கட்டை என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு பிறவி எடுத்து அங்கே பெஞ்சாகவும் அலமாரியாகவும் நின்றது. ஒவ்வொன்றின் மேலும் ஒரு அட்டை தொங்கும். அட்டையில் அந்த மரத்தின் வரலாறு இருக்கும். கண்ணாடிக்காரர் பள்ளிக்கூடத்தில்கூட வரலாற்றை அவ்வளவு ஆசையாகப் படித்ததில்லை. கடைசியில் ஒரு படத்தைக் காட்டி, எழுபது வருஷம் படகுத்துறையில் கிடந்த பலகையில் செய்வது என்று எழுதியிருந்த சாப்பாட்டு மேசைக்குச் சொல்லிவிட்டார். விலையைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். விலை மாறவில்லை. மனைவி துணி துவைக்கும் இயந்திரத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பணம் அப்படியே அதற்குப் போனது.

கடையில் இருந்த பெண் ஒரு காகிதத்தில் கையெழுத்து வேறு வாங்கிக்கொண்டாள்.

"படத்துல இருக்கிற மாதிரியே வரும்னு எதிர்பாக்காதீங்க சார். பழைய மரம் பாருங்க, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி. எப்படி வருதோ அப்படி ஏத்துக்கணும்."

கல்யாணத்துக்கு முன்னால் தனக்கு யாராவது இப்படி ஒரு காகிதம் நீட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே அவர் கையெழுத்துப் போட்டார்.

இத்தனைக்கும் காரணம் மாமனார்.

மாமனார் ஒரு பெரிய மரக்கிடங்கில் தரம் பிரிக்கிறவராக முப்பத்தெட்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். விரல் முட்டியால் ஒரு தட்டு, காதைச் சாய்த்து ஒரு கேட்பு; அவ்வளவுதான். "முதல் தரம்" என்பார், "ரெண்டாம் தரம்" என்பார், இல்லாவிட்டால் "விறகு" என்பார். ஓய்வு பெற்ற பிறகும் அந்த விரல் ஓயவில்லை. போகிற இடத்தில் எல்லாம் கதவைத் தட்டுவார், கட்டிலைத் தட்டுவார். ஒருதரம் டாக்டர் இவர் நெஞ்சைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது இவர் டாக்டரின் மேசையைத் தட்டிப் பார்த்தார்.

கல்யாணத்தன்று யாரோ அவரிடம் மாப்பிள்ளை எப்படி என்று கேட்டார்கள். "பிளைவுட்" என்றார் மாமனார். "மேல பாலிஷ், உள்ள ஒட்டு." கேட்டவர்கள் சிரித்தார்கள். தூணுக்குப் பின்னால் நின்றிருந்த மாப்பிள்ளை சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு மாமனார் எத்தனையோ முறை வந்து போனார். ஒவ்வொரு முறையும் அலமாரியைத் தட்டி "பிளைவுட்" என்பார், சோபாவைத் தட்டி "பிளைவுட்" என்பார், சொல்லிவிட்டு மாப்பிள்ளையைப் பார்ப்பார். ஒருவேளை சும்மாதான் பார்த்தாரோ என்னவோ. ஆனால் கண்ணாடிக்காரருக்கு அது பதினெட்டு வருஷமாக வலித்தது. கடை வைத்தார், வீடு வாங்கினார், மகளைப் படிக்க வைத்தார். ஒன்றுக்கும் அந்த மனுஷர் வாயிலிருந்து "ரெண்டாம் தரம்" என்றுகூட வரவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வருகிறார். வந்து இந்த மேசையைத் தட்ட வேண்டும். அதற்குத்தான் எல்லாம்.

இப்போது புதன்கிழமை சாயங்காலம், மேசை வாசலில் நிற்கிறது.

"சார், மேசை இனிமே சுருங்காது. வாசலத்தான் பெருசாக்கணும்" என்றார் தலை சாய்த்திருந்த ஆள், தலையைத் தூக்காமலே.

கதவைக் கழற்றினார்கள். போதவில்லை. கதவு நிலையின் ஒரு பக்கத்தைக் கடப்பாரையால் நெம்பினார்கள். அது கொஞ்சம் சுவரையும் கூட்டிக்கொண்டு வந்தது. மேசை ஒரு பெருமூச்சு விடுகிற சத்தத்தோடு உள்ளே வந்து சேர்ந்தது. ஆட்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வேறு யாரும் எதையும் தூக்கச் சொல்வதற்குள் இறங்கி ஓடிவிட்டார்கள்.

மனைவி சுவரில் விழுந்த ஓட்டையைப் பார்த்தாள். அப்புறம் மேசையைப் பார்த்தாள். திட்டுவதற்குத்தான் வாயைத் திறந்தாள், பார்த்துக்கொண்டிருந்தவருக்குத் தெரிந்தது. திறந்த வாய் அப்படியே நின்றது.

மேசை அப்படி இருந்தது. நாலு விரல் கனத்துக்கு ஒரே நீளப் பலகைகள், காபிக்கொட்டை நிறம், ஓரங்கள் எல்லாம் பல கைகள் பட்டுப் பட்டு மழுங்கி வழவழவென்று. மேலே ஆணி போன துளைகள், ஒரு மூலையில் பெருவிரல் நுழைகிற மாதிரி நாலு வட்ட ஓட்டைகள், நடுவில் குறுக்கும் நெடுக்குமாகக் குழிகள், கண்ணி கண்ணியாக ஓடிய தழும்புகள். எதையும் மறைக்கவில்லை. படத்தில் பார்த்த மேசை கொஞ்சம் நாசூக்காக இருந்ததென்னவோ உண்மைதான். ஆனால் எப்படி வருதோ அப்படி ஏற்றுக்கொள்வதாகக் கையெழுத்துப் போட்டாயிற்றே. தவிரவும் படத்தில் இருந்ததைவிட இது ஆயிரம் மடங்கு தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

"இந்தத் தழும்பு என்ன தெரியுமா? நங்கூரச் சங்கிலி போட்டு இழுத்தது" என்றார். "இந்த நாலு ஓட்டை, படகு கட்டற வளையம் இருந்த இடம்."

மனைவி உள்ளங்கையைப் பலகைமேல் வைத்து மெதுவாக ஒரு கோடி வரைக்கும் நடந்தாள். பிறகு கதவு இல்லாத வாசலில் ஒரு போர்வையைக் கட்டிவிட்டு, நிலை செய்கிறவருக்குப் போன் போட்டாள். அவர் பத்து நாள் ஆகும் என்றார்.

வியாழக்கிழமை காலை மகள் பால் டம்ளரைத் தட்டிவிட்டாள். சாதாரண மேசையாக இருந்தால் துடைத்துவிட்டுப் போயிருக்கலாம். இந்தப் பால் ஒரு குழியிலிருந்து இன்னொரு குழிக்கு இறங்கி, ஒரு தழும்பைப் பிடித்துக்கொண்டு மூலைவரை நடந்து, வட்ட ஓட்டை வழியாகக் கண்ணாடிக்காரரின் மடியில் போய்ச் சேர்ந்தது. கடைக்குப் போடவேண்டிய சட்டையும் கால்சட்டையும் போயிற்று.

கடைப் பெண்ணைப் போனில் கூப்பிட்டு ஓட்டைகளை அடைக்க என்ன போடலாம் என்று கேட்டார். அவள் பதறிப்போனாள். ஓட்டையை அடைப்பதாவது, அது அந்த மரம் மூச்சு விடுகிற இடம், பட்டி கிட்டி பூசிவிடாதீர்கள் என்றாள். குரலில் அவ்வளவு மரியாதை. கண்ணாடிக்காரருக்குத் தன்மேலேயே வெட்கமாகப் போய்விட்டது. பட்டி பூசவில்லை. ஒரு டஜன் மெழுகுவத்தி வாங்கி உருக்கி ஊற்றினார். மெழுகு என்றால் மரத்துக்கு உறுத்தாது என்று நினைப்பு. சாயங்காலம் மனைவி சூடான பாத்திரத்தைக் கொண்டுவந்து அதன்மேல் வைத்தாள். மெழுகு மறுபடி உருகி இறங்கியது. இந்தத் தடவை கீழே இருந்தது மகளின் காலும், காலடியில் வைத்திருந்த அறிவியல் நோட்டும்.

"அப்பா, எனக்கு இந்த மேசை பிடிச்சிருக்கு" என்றாள் மகள், காலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டே. "ஆனா அதுக்கு என்னைப் பிடிக்கல."

மேலே கண்ணாடி போட்டுவிடலாம் என்று உடனே அவருக்கு யோசனை வந்தது. கண்ணாடிதானே, தன் தொழில்தானே. தெரிந்தவரிடம் சொல்லி மேசை நீளத்துக்கு ஒரு தடித்த கண்ணாடி அறுத்து வாங்கி வந்து போட்டார். மேசையின் மேல்பரப்பு எங்கேயும் ஒரே மட்டமாக இல்லை. கண்ணாடி நடுவில் இருந்த மேட்டில் மட்டும் உட்கார்ந்தது. இந்தக் கோடியில் ஒருவர் முழங்கை ஊன்றினால் அந்தக் கோடியில் இருந்தவருடைய தட்டு எழுந்து கழுத்துக்கு வந்தது. ஒரு வேளைச் சாப்பாடு அப்படிச் சாப்பிட்டுப் பார்த்தார்கள். அதற்குமேல் முடியவில்லை. கண்ணாடியை எடுத்து, வேறு இடமில்லாமல் வாசலில் போர்வைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். மேல் வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அதைக் கவனிக்காமல் உள்ளே வரப் பார்த்து நெற்றியை இடித்துக்கொண்டார்.

அவர் ஏன் வந்தார் என்றால், கதவு இல்லாததால் மாடி ஏறி இறங்குகிறவர்கள் எல்லாரும் போர்வையை விலக்கி ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போக ஆரம்பித்திருந்தார்கள். பார்த்தவர்கள் சும்மா போகவில்லை. ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் போனார்கள். தலைமையாசிரியர் நெற்றியைத் தடவிக்கொண்டே, அந்தக் காலத்தில் மரம் மரமாக இருந்தது என்று ஒரு மணி நேரம் பேசினார். மனைவி வெளிக்குச் சலித்துக்கொண்டாள். ஆனால் யாராவது தொட்டுப் பார்த்தால், "படகுத்துறைப் பலகை" என்று சொல்லிக் கொடுக்கிறவளும் அவளேதான்.

வெள்ளிக்கிழமை உயரம் தொந்தரவு கொடுத்தது. உண்மையில் புதன்கிழமையிலிருந்தே கொடுத்துக்கொண்டிருந்தது, யாரும் வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான். மேசை இடுப்புக்கு மேல் நின்றது. நாற்காலியில் உட்கார்ந்தால் தாடை மேசைமேல் வந்து உட்காரும். மூன்று பேரும் மூன்று நாளாகத் தட்டில் இருப்பதை மூக்குக்கு நேராகப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எங்கப்பாவுக்குக் கழுத்து வலி இருக்கு. ஞாபகம் இருக்கட்டும்" என்றாள் மனைவி.

ஒரு தச்சரைக் கூட்டி வந்தார். மேசையின் காலை ஆறு அங்குலம் அறுத்தால் போதும் என்று விளக்கினார். தச்சர் குனிந்து ஒரு காலைப் பார்த்தார், இன்னொரு காலைப் பார்த்தார், மேசைக்கு அடியிலேயே போய் மல்லாந்து படுத்துக்கொண்டார். வெகு நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது ரம்பத்தைப் பையில் வைத்துவிட்டார்.

"என்னால முடியாது சார்."

"ஏன், மரம் கெட்டியா இருக்கா?"

"கெட்டியா இருக்கிறது கிடக்கட்டும். அடியில சேர்மானம் பாத்தீங்களா? ஒரு ஆணி இல்ல. மர முளை அடிச்சுச் சேத்திருக்கான். இதைச் செஞ்சவன் என்னை விடப் பெரிய வேலைக்காரன். அவன் வச்ச காலை அறுக்க எனக்குக் கை வராது."

கண்ணாடிக்காரருக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் உயரம் உயரமாகவே இருந்தது. கடைசியில் தச்சரே ஒரு வழி சொன்னார்: மேசையை இறக்க முடியாவிட்டால் நாற்காலிகளை ஏற்றிவிடலாம். ஆறு நாற்காலிக்கும் இருபத்து நாலு கட்டை வைத்து அடித்துக் கொடுத்தார். இப்போது மேசை சரியாக இருந்தது, கால்கள் தொங்கின. கால் வைக்க ஒரு நீளக் கட்டை போட்டார்கள். கட்டையில் கால் வைத்து எழுந்தால் மேலே தொங்குகிற விளக்கு மண்டையில் இடித்தது. விளக்கைக் கழற்றினார்கள். சமையலறையிலிருந்து ஒயர் இழுத்து மூலையில் ஒரு விளக்கு வைத்தார்கள். அந்த ஒயரில் தடுக்கி மனைவி விழப் பார்த்தாள்.

ஒரு மேசைக்காக வாசலும் சுவரும் நாற்காலியும் விளக்கும் இடம் மாறியாயிற்று. இன்னும் மாறாமல் இருப்பது நாம் மூன்று பேர்தான் என்று மனைவி சொன்னாள். அப்படிச் சொன்னவள் சனிக்கிழமை காலை காபியை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் அந்த உயரமான நாற்காலியில் ஏறி உட்கார்ந்திருந்தாள். கன்னத்தைப் பலகையில் வைத்திருந்தாள். கணவர் பார்த்துவிட்டது தெரிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, தூசி இருக்கிறதா என்று பார்த்ததாகச் சொன்னாள்.

"பிடிச்சிருக்கா?" என்று கேட்டார் அவர்.

"துணி துவைக்கும்போது கேளுங்க, சொல்றேன்" என்றாள். ஆனால் சிரித்துவிட்டாள்.

அன்றைக்கு அவர் செய்த ஒரே தப்பு கடைப் பெண்ணை மறுபடி கூப்பிட்டதுதான். குறை சொல்லக் கூப்பிடவில்லை. பாராட்டத்தான் கூப்பிட்டார். உயரத்துக்கு மட்டும் ஒரு சின்ன யோசனை கேட்டார். எவ்வளவு உயரம் என்று அவள் கேட்டாள். சொன்னார். மூலையில் நாலு வட்ட ஓட்டை இருக்கிறது என்றும் சொன்னார். அந்தப் பக்கம் காகிதங்களைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"சார், பட்டறை மேஸ்திரியை அனுப்பி ஒரு தடவை பாக்கச் சொல்றேன்."

"வேண்டாம்மா. எல்லாம் சரியா இருக்கு. நாளைக்கு வீட்டுக்கு ஆள் வருது."

"பாத்துட்டுப் போயிருவார் சார்" என்று அவள் வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மாமனார் வந்தார். போர்வையை விலக்கிக்கொண்டு வந்து, "கதவு எங்க?" என்றார். அது ஒரு பெரிய கதை மாமா என்று கண்ணாடிக்காரர் ஆரம்பித்தார். மாமனார் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் கண் மேசைக்குப் போய்விட்டது.

பெட்டியைக் கீழே வைத்தார். மேசையை ஒரு சுற்று சுற்றி வந்தார். இன்னொரு சுற்று வந்தார். மனைவி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள். மகள் போனைக்கூடக் கீழே வைத்துவிட்டாள்.

மாமனார் விரலை மடக்கித் தட்டினார். ஒரு தட்டு இல்லை, நாலு தட்டு, நாலு இடத்தில். காதைப் பலகையோடு வைத்துக் கேட்டார். முகர்ந்து பார்த்தார். பிறகு திரும்பாமலே கையை நீட்டினார். மாப்பிள்ளை பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து அந்தக் கையில் வைத்தார்.

"இது என்ன தழும்பு?"

"நங்கூரச் சங்கிலி மாமா. படகுத்துறையில கிடந்த பலகை."

"என்ன அடி வாங்கியிருக்கு" என்றார் மாமனார் மெதுவாக. "தினம் தினம் வாங்கியிருக்கு. வேற மரமா இருந்தா நார் நாராப் பிரிஞ்சிருக்கும். இது ஒரு இடத்துலகூட வாயைத் திறக்கல." நிமிர்ந்து, பூதக்கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தார். "முதல் தரம்."

சொல்லிவிட்டு மறுபடி ஒரு தட்டுத் தட்டினார்.

"முப்பத்தெட்டு வருஷத்துல இந்த மாதிரி மரம் என் கையில பத்துக்கூட வந்ததில்ல. இதை யாரு பாத்து எடுத்தது?"

"உங்க மாப்பிள்ளைதான்பா" என்றாள் மனைவி. "நாலு வாரம் நடையா நடந்து எடுத்தாரு." துணி துவைக்கும் இயந்திரத்தைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை. அதற்காகவே அவருக்கு அவள்மேல் அன்பு பொங்கிக்கொண்டு வந்தது.

மாமனார் மருமகனை ஏற இறங்கப் பார்த்தார். "மாப்பிள்ளை, உங்கள நான் அன்னிக்கு அவசரப்பட்டுத் தட்டிப் பாத்துட்டேன்" என்றார்.

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியில் ஒன்றும் இல்லை, கண்ணில்தான் இருந்தது. வாழ்க்கையில் அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை.

அந்தச் சந்தோஷம் பத்து நிமிஷம் இருந்தது. வெளியே படியில் திடுதிடுவென்று சத்தம். போர்வைக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். புதன்கிழமை வந்த அதே இரண்டு ஆட்கள், அதே பெருமூச்சு. நடுவில் கம்பளியில் சுற்றிய ஒரு மேசை. முன்னால் மரத்தூள் படிந்த சட்டையோடு ஒரு பெரியவர், பட்டறை மேஸ்திரி.

"மன்னிக்கணும் சார்" என்றார் மேஸ்திரி. "இவங்க ரெண்டு பேரும் தப்பா தூக்கிட்டு வந்துட்டாங்க. உங்க மேசை இதுதான். உள்ள இருக்கிறது விக்கிற மேசையே இல்ல. பட்டறையில நாங்க வேலைக்கு வச்சிருக்கிறது."

கண்ணாடிக்காரர் ஒரு தரம் உள்ளே திரும்பிப் பார்த்தார். கையைப் பிடித்து மேஸ்திரியைப் படியோரம் இழுத்துக்கொண்டு போனார். இந்த மேசையே எனக்குப் போதும், அதை நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள் என்று கிசுகிசுத்தார். மேஸ்திரி தலையாட்டவில்லை. நாலு நாளாகப் பட்டறை நின்றுகிடக்கிறது, திருடு போய்விட்டது என்று நினைத்துத் தேடிக்கொண்டிருக்கிறோம், அது இல்லாமல் ஒரு வேலை நடக்காது என்றார். கண்ணாடிக்காரர் மாமனார் கதையைப் பாதி சொல்லிப் பார்த்தார். அதிலும் மேஸ்திரி மசியவில்லை. பதினெட்டு வருஷம் கழித்துக் கிடைத்த முதல் தரம், தான் பார்த்து எடுத்ததே இல்லை, இரண்டு ஆட்கள் மாற்றித் தூக்கி வந்தது என்று தெரிந்தால் மாமனார் என்ன சொல்வார்? ஒரே ஒரு வார்த்தைதான் சொல்வார். அது என்னவென்றும் அவருக்குத் தெரியும்.

"என்ன மாப்பிள்ளை, யாரு இவங்க?"

மாமனார் போர்வையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து நின்றார்.

"உள்ள இருக்கிற மேசைய எடுத்துட்டுப் போக வந்திருக்கோங்க" என்றார் மேஸ்திரி. "அதுக்குப் பதிலா இது."

மாமனார் மேஸ்திரியைப் பார்த்தார். கம்பளிச் சுற்றைப் பார்த்தார். கம்பளியின் ஒரு ஓரத்தை விலக்கினார். உள்ளே படத்தில் இருந்தபடியே ஒரு மேசை, ஆணித் துளையும் தழும்பும் அளவாக, அழகாக. விரலை மடக்கி ஒரே ஒரு தட்டுத் தட்டினார். கம்பளியை மூடிவிட்டார். என்ன தரம் என்று சொல்லவில்லை. கையை வேட்டியிலா சட்டையிலா என்று பார்க்காமல் எதிலோ துடைத்துக்கொண்டார்.

பிறகு வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"என் மாப்பிள்ளைக்கு மரம் தெரியும்" என்றார். "உங்க கடை பூராவும் நாலு வாரம் சுத்திப் பாத்துட்டு, எது நிஜமோ அதைக் கண்டுபிடிச்சு எடுத்துட்டு வந்திருக்காரு. அவர்கிட்ட உங்க ஜம்பம் பலிக்காது. போயிட்டு வாங்க."

இனி மேஸ்திரி வாயைத் திறந்தால் எல்லாம் போச்சு. கண்ணாடிக்காரர் அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

மேஸ்திரி வாயைத் திறக்கவில்லை. அவர் முகம் வெளுத்துப்போனது. கண்ணாடிக்காரரை ஒரு புது மரியாதையோடு, கொஞ்சம் பயத்தோடும் பார்த்தார். ஆட்களைக் கீழே போய் வண்டியில் இருக்கச் சொன்னார். அவர்கள் படியிறங்குகிற சத்தம் ஓய்கிறவரைக்கும் காத்திருந்தார். மாமனார் போர்வைக்குள் திரும்பிப் போகிறவரைக்கும் காத்திருந்தார். பிறகு கண்ணாடிக்காரரின் காதருகில் குனிந்தார்.

"ரெண்டு மேசையையும் நீங்களே வச்சுக்கங்க சார், வெளிய மட்டும் சொல்லிராதீங்க... எங்க கடையிலயே நிஜமான பழைய மரம் உள்ள இருக்கிற அது ஒண்ணுதான், மத்த எல்லாத்தையும் அது மேல போட்டுச் சங்கிலியால அடிச்சுத்தான் பழசாக்கறோம்."